வீதி மனதுக்கு என்ன செய்கிறது: ஆடாத நடை வீடியோ எடுத்து ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

மரம் இருக்கும் வீதியில் நடந்தால் மனசு லேசாகிறதா, இரைச்சலான வீதியில் நடந்தால் எரிச்சல் வருகிறதா என்று ஆராய விரும்பும் மாணவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது நிறைய. எல்லாரையும் வீதிக்குக் கூட்டிப்போய் நடக்க வைக்க முடியாது. அதனால் நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து, அறையில் உட்கார வைத்துக் காட்டி, பார்ப்பதற்கு முன்னும் பின்னும் கேள்வி கேட்பார்கள். எளிதான வழிதான். ஆனால் முதல் முறை செய்யும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

நான் கூட இருந்து பார்த்த முதல் குழுவில், படம் பார்த்து முடித்த ஒரு பாட்டியிடம் மாணவி கேட்டாள்: "எந்த வீதி புடிச்சுதுங்க ஆத்தா?" பாட்டி சொன்னார்: "ரெண்டாவது வீதியும் நல்லாத்தான் இருக்குது கண்ணு, படந்தான் ஆடுது. தலை கிறுகிறுங்குது." மாணவியின் தாளில் அந்த வீதிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் ஏறியிருந்தது. கேமரா ஆடிய கணக்கை வீதியின் தலையில் எழுதிவிட்டோம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேடுபள்ளமான நடைபாதை எங்கே இருக்கும்? நெரிசலான வீதியில்தான். அங்கே நடந்தால் கேமரா கூடுதலாக ஆடும். ஆக, ஆட்டம் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்துதான் தவறு செய்யும். ஆட்களைக் கூட்டினாலும் அது சரியாகாது. கீழே சொல்லும் வரிசை முழுக்க இதை மனதில் வைத்து அமைத்ததுதான். வரிசையை மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஒளியியல் நிலைப்படுத்தல் (ஆட்டத்தைக் குறைக்க லென்ஸே நகரும் வசதி) உள்ள மொபைல் அல்லது கேமரா, மூன்று அச்சு கிம்பல் (கேமராவை மோட்டார்களால் நேராக நிறுத்திப் பிடிக்கும் கைப்பிடி), ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்ட்டர், காற்றுத் தடுப்புப் பஞ்சு போட்ட தனி மைக், கடையில் வாங்கிய சாதாரண ஒலி அளவி, ஒரு வெப்பமானி, அளவு நாடா. ஒட்டுமொத்தமாக வாங்க வேண்டாம். கிம்பலும் ஒலி அளவியும் கல்யாண வீடியோ எடுப்பவர்களிடமும் கல்லூரி ஆய்வகத்திலும் இரவலாகக் கிடைக்கும்.

கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. மொபைலைப் பைக் ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டும் பழக்கம் உள்ளவரின் போனை வாங்காதீர்கள். எஞ்சினின் அதிர்வு நிலைப்படுத்தும் லென்ஸ் அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. வெளியே பார்த்தால் போன் நன்றாகத்தான் இருக்கும், படம் மட்டும் காரணமில்லாமல் நடுங்கும். காந்தம் வைத்த கவரும் ஆகாது. லென்ஸை நகர்த்துவதே காந்தமும் கம்பிச் சுருளும்தான்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"காந்திபுரம் கிராஸ்கட் ரோடு, ரேஸ் கோர்ஸ் நடைபாதை, இரண்டில் எது மனதுக்கு நல்லது?" என்று தொடங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த இரண்டுக்கும் மரம், சத்தம், கூட்டம், கடை, அகலம் எல்லாமே வேறு. முடிவு எப்படி வந்தாலும் காரணம் எது என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு வித்தியாசம் இருக்கும் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒரே வீதியில் மரம் மிஞ்சியிருக்கும் 300 மீட்டரும், சாலையை அகலப்படுத்தியதில் மரம் போன 300 மீட்டரும் இருந்தால் அதைவிட நல்ல இணை கிடைக்காது. உக்கடம் பெரியகுளக் கரையில் எடுப்பதானால், தண்ணீர் பக்கம் பார்த்து ஒரு நடை, ரோடு பக்கம் பார்த்து ஒரு நடை.

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச்சின் 1984ஆம் ஆண்டுக் கட்டுரை ஏன் நிலைத்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேர். வயது, பாலினம் போன்றவற்றைப் பொருத்தி 23 இணைகளாகப் பிரித்தார். ஒருவர் சன்னலில் மரங்கள் தெரியும், இணையானவர் சன்னலில் செங்கல் சுவர் தெரியும். மற்றதெல்லாம் கூடியவரை ஒன்று. நமக்கும் அந்த ஒழுங்குதான் வேண்டும்.

3. அனுமதியும் ஒப்புதலும்

கல்லூரியின் நெறிமுறைக் குழு (ஆட்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழு) அனுமதியைப் படம் எடுக்கும் முன்பே வாங்குங்கள். எடுத்த பிறகு கேட்டால் பல குழுக்கள் அந்தத் தரவை ஏற்காது. ஒரு பருவம் முழுக்க வீணாகும்.

ஒப்புதல் தாள் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி கையெழுத்து வாங்குங்கள். "தலை சுற்றினால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்ற வரி கட்டாயம்.

வீதியில் போகிறவர்களின் முகமும் வண்டி எண்ணும் மங்கலாக்கப்பட வேண்டும். பள்ளி விடும் நேரத்தைத் தவிருங்கள். சூலூர், ரெட்ஃபீல்ட்ஸ் பக்கம் பாதுகாப்புத் துறை வளாகங்கள் இருப்பதால் கேமரா எந்தத் திசை பார்க்கிறது என்பதை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

4. கேமரா இல்லாமல் மூன்று முறை நடந்து பாருங்கள்

நிறையப் பேர் தாண்டிப்போகும் படி இது. வெறுங்கையோடு நடந்தால்தான் எங்கே நடைபாதை உடைந்திருக்கிறது, எங்கே டீக்கடை பெஞ்ச் வழியை மறிக்கிறது, எங்கே டிரான்ஸ்ஃபார்மருக்காக ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

எத்தனை முறை நடைபாதையை விட்டு இறங்கினீர்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் முக்கியமானது. கிம்பல் ஆட்டத்தைக் குறைக்கும்போது மேடுபள்ளத்தின் தடயத்தையும் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. காலுக்குத் தெரியும் சிரமம் நடப்பவரின் மனநிலையில் உண்மையான பங்கு. அது படத்தில் சரியாகத் தெரியாது, ஆகவே தாளில் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டாவது போனில் ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியை ஓடவிட்டு, இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு நடந்து அதிர்வைப் பதிவு செய்யுங்கள். வெப்பமானியில் எத்தனை டிகிரி என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

5. பருவமும் நேரமும்

கோவையிலும் பொள்ளாச்சி, உடுமலை பக்கமும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுவாக வீசும். கிம்பல் மோட்டார் காற்றோடு மல்லுக்கு நிற்கும், மைக்கில் உறுமல் விழும். அக்டோபர், நவம்பரில் மழை. ஏப்ரல் வெயிலில் மொபைல் சூடேறிப் பதிவே நின்றுவிடும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சரியான காலம்.

இரண்டு இடத்தையும் ஒரே வாரத்தில், ஒரே கிழமையில், ஒரே மணியில் எடுங்கள். ஒன்றைக் காலை ஏழுக்கும் மற்றதைப் பதினொன்றுக்கும் எடுத்தால் நீங்கள் ஒப்பிட்டது வெயிலைத்தான்.

6. ஆட்டத்தைப் புரிந்துகொண்டு கேமராவை அமையுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கேமரா இரண்டு வகையாக ஆடும். ஒன்று, திரும்பும் ஆட்டம்: மேலும் கீழும் தலையாட்டுவது, இடவலமாகத் திரும்புவது, பக்கவாட்டில் சாய்வது. மற்றொன்று, இடம் பெயரும் ஆட்டம்: நடக்கும்போது உடம்போடு சேர்ந்து கேமராவே ஏறி இறங்குவது.

லென்ஸுக்குள் இருக்கும் ஒளியியல் நிலைப்படுத்தல் திரும்பும் ஆட்டத்தைப் பிடிக்கும். சிறிய கைரோ உணரி திரும்பும் வேகத்தை அளக்க, கம்பிச் சுருள் லென்ஸை எதிர்ப்பக்கம் நகர்த்தும். ஆனால் அதன் எல்லை மிகச் சிறியது. கை நடுக்கத்துக்குப் போதும், நடைக்குப் போதாது. பெரிய திரும்பல்களை கிம்பலின் மூன்று மோட்டார்கள் பிடிக்கும். ஏறி இறங்குவதை இரண்டுமே பிடிக்காது.

அந்த மிச்சம் எவ்வளவு? நடப்பவர் ஒவ்வொரு அடிக்கும் சுமார் 4 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறார் என்று வையுங்கள். 20 மீட்டர் தள்ளி இருக்கும் மரம் படத்தில் 0.1 டிகிரிதான் அசையும், அவ்வளவாகக் கண்ணில் படாது. 2 மீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர் ஒரு டிகிரிக்கு மேல் அசையும். பத்து மடங்கு. அதாவது ஒரே ஆள், ஒரே கிம்பல், ஒரே நடையாக இருந்தாலும், ஒப்பணக்கார வீதி போல எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் படம் கூடுதலாக ஆடும். அகலமான இடத்தில் ஆடாது. "விலை உயர்ந்த கிம்பல் வைத்திருக்கிறோம், ஆட்டப் பிரச்சினை இல்லை" என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். இரண்டு இடத்திலும் பக்கச் சுவர், வண்டிகளிலிருந்து ஒரே தூரம் தள்ளி நடக்கும்படி பாதையைத் திட்டமிடுங்கள்.

அமைக்கும் வரிசை இது:

முதலில், கிம்பலை அணைத்து வைத்துக் கேமராவைச் சமநிலைப்படுத்துங்கள். விட்டால் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும். சமநிலை இல்லாமல் இயக்கினால் மோட்டார் முழு நேரமும் எடையைச் சுமக்கும். ஆட்டத்தைப் பிடிக்க அதனிடம் பலம் மிச்சமிருக்காது.

இரண்டாவது, வீதிக்கு வந்து பத்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் வைத்துக் கைரோவைச் சீர்ப்படுத்துங்கள். ஏசி அறையில் செய்துவிட்டு வெயிலுக்கு வந்தால் வெப்ப மாற்றத்தில் உணரியின் கணக்கு நழுவும். அடிவானம் மெல்லச் சாய்ந்துகொண்டே போகும்.

மூன்றாவது, மொபைலின் மின்னணு நிலைப்படுத்தலை அணையுங்கள். அது வீடியோவின் ஒவ்வொரு சட்டத்தின் (ஃபிரேம்) ஓரத்தையும் வெட்டி நகர்த்துவது. கிம்பலும் அதுவும் ஒன்றோடொன்று மோதினால் படத்தின் மூலைகள் கூழ் போலத் தளும்பும். மிக அகல லென்ஸில் இது இன்னும் மோசம். வழக்கமான லென்ஸையே பயன்படுத்துங்கள்.

நான்காவது, நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் நேரம் 1/100 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 வைத்தால் நிழல் இடத்திலும் கடை முன்னும் மினுக்கல் வராது. 1/50 வைத்தாலும் மினுக்கல் வராதுதான், ஆனால் ஒவ்வொரு அடியிலும் படம் கலங்கித் தெளியும். அந்தக் கலங்கலை எந்த நிலைப்படுத்தலாலும் பின்னால் நீக்க முடியாது. பகலில் 1/100 வைத்தால் படம் வெளுத்துப்போகும் என்பதற்குத்தான் என்டி ஃபில்ட்டர்.

ஐந்தாவது, வெளிச்ச அளவு, நிறம், குவியம் (ஃபோகஸ்) மூன்றையும் மாறாதபடி பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால், அவிநாசி ரோட்டு மேம்பாலத்தின் நிழலுக்குள் போய் வெளியே வரும்போது படம் ஒருமுறை பளீரென்று எரியும், பார்ப்பவர் திடுக்கிடுவார்.

7. நடந்து எடுப்பது

ஒரே ஆள்தான் இரண்டு இடத்திலும் நடக்க வேண்டும், அதே ஷூ. செருப்பு வேண்டாம். கேமரா தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும். நெஞ்சுயரத்தில் பிடித்தால் வாகனங்கள் பெரிதாகத் தெரியும், மரத்தின் நிழற்கூரை படத்துக்கு வெளியே போய்விடும்.

காதில் தாளக்கருவிச் செயலியை (மெட்ரோனோம்) நிமிடத்துக்கு 100 என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி. முழங்காலைச் சற்று மடக்கி, குதிகால் முதலில் பட்டு விரலுக்கு உருள வேண்டும். முழங்கைகளை உடம்போடு ஒட்டாமல் தளர்வாக வையுங்கள். மோட்டார் பிடிக்காத ஏற்ற இறக்கத்தைக் கையும் காலும்தான் விழுங்க வேண்டும். ஒரு நாள் பயிற்சி போதாது. வீட்டு மொட்டை மாடியில் நிறைந்த தம்ளர் தண்ணீரோடு நடந்து பழகுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம், நான்கு முறை. திருப்பம் வேண்டாம். யாராவது கேமராவைப் பார்த்துக் கை காட்டினால் அந்த முறையை விட்டுவிடுங்கள்.

8. மிச்ச ஆட்டத்தை அளந்து, பொருத்துங்கள்

எடுத்ததும் மகிழ்ந்துபோய் நேராகக் காட்டிவிடுகிறார்கள். அளக்காமல் காட்டாதீர்கள்.

கணினித் திரையில் வீடியோவை ஓடவிட்டு, பக்கத்திலுள்ள ஒரு பொருளையும் தூரத்திலுள்ள ஒரு பலகை மூலையையும் பத்து நொடி பின்தொடருங்கள். மேலும் கீழும் எவ்வளவு அசைகிறது என்பதைப் படத்தின் உயரத்தில் எத்தனை சதவீதம் என்று குறியுங்கள். ஒரு வீடியோவுக்கு ஆறு இடங்களில் செய்தால் போதும்.

எடுத்த நான்கில், இரு இடங்களுக்கும் ஆட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இணையைத் தேர்ந்தெடுங்கள். மிக அழகாக வந்ததைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதைப் புரியவைக்கத்தான் எனக்கு எப்போதும் அதிக நேரம் ஆகிறது. ஒன்று பட்டுப் போலவும் மற்றது நடுக்கத்தோடும் இருப்பதைவிட, இரண்டும் ஒரே அளவு சிறிதாக ஆடுவது ஆய்வுக்கு நல்லது.

9. சத்தம்

கிம்பலில் மோட்டார் ஒலி இருப்பதால் சத்தத்தைத் தனி மைக்கில் பதிவு செய்து, தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டிப் பொருத்துங்கள். நடக்கும்போதே ஒலி அளவியைப் பார்த்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் பகல் நேர வரம்பு குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65. உங்கள் எண் எங்கே நிற்கிறது என்று ஒப்பிட இது உதவும்.

அறையில் காட்டும்போது, பார்ப்பவரின் காது இருக்கும் இடத்தில் ஒலி அளவியை வைத்து, வீதியில் அளந்த அளவே வரும்படி ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டிக் குறையுங்கள். இதைச் செய்யாவிட்டால் அமைதியான குளக்கரையும் நெரிசலான வீதியும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும்.

10. கேள்வித்தாள்

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீட்டைப் படத்துக்கு முன்னும் பின்னும் கொடுப்பது நான் அதிகம் பார்க்கும் பிழை. அது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பது. ஐந்து நிமிடப் படம் போன இரண்டு வாரத்தை மாற்றாது. அதை ஒருமுறை, தொடக்கத்தில் மட்டும் கொடுங்கள். மொத்தம் 0 முதல் 25 வரை வரும். நான்கால் பெருக்கினால் 100க்கு வரும். யார் ஏற்கெனவே சோர்ந்திருக்கிறார் என்று அறிய அது பயன்படும்.

முன்னும் பின்னும் கேட்பதற்கு "இந்த நிமிடம்" என்று தொடங்கும் கேள்விகள் வேண்டும்: மனசு எவ்வளவு அமைதியாக இருக்கிறது, எவ்வளவு படபடப்பு, எவ்வளவு களைப்பு. பத்து சென்டிமீட்டர் கோடு வரைந்து அதில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலக் கேள்வியை மொழிபெயர்த்தால் வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபாருங்கள். அப்புறம் வயதானவர் இருவரிடம் படித்துக்காட்டுங்கள். "புத்துணர்வு" என்ற சொல்லுக்குப் பலர் விழிப்பார்கள். "தெம்பா இருக்குதுங்களா" என்றால் உடனே பதில் வரும்.

கடைசியில் இரண்டு கேள்விகளை மறக்காதீர்கள். "படம் எவ்வளவு ஆடியது?" "இந்த இடம் உங்களுக்கு முன்பே தெரியுமா?" ஒருவர் பத்து வருடம் வேலைக்குப் போய்வந்த வீதிக்கு அவர் கொடுக்கும் மதிப்பெண் மரத்துக்கானது அல்ல. கோவை வீதியை ஈரோட்டுக்காரருக்கும் ஈரோட்டு வீதியைக் கோவைக்காரருக்கும் காட்டினால் இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும்.

11. காட்டும் முறை

பாதிப் பேருக்கு மர வீதி முதலில், மற்றவர்களுக்கு மரமில்லாதது முதலில். இரண்டாவது படம் யாருக்கும் சற்று அலுப்புத் தரும். வரிசையை மாற்றினால்தான் அந்த அலுப்பு இரு பக்கமும் சமமாகப் பிரியும். நடுவில் பத்து நிமிடம் வெற்றுச் சுவரைப் பார்த்து உட்காரட்டும். போனும் வேண்டாம், டீயும் வேண்டாம்.

திரையிலிருந்து உட்காரும் தூரத்தைத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு நிலையாக வையுங்கள். கிட்டே உட்கார்ந்தால் அதே ஆட்டம் பெரிதாகத் தெரியும். வெறும் வயிற்றில் வந்தவருக்கும் இப்போதுதான் சாப்பிட்டு வந்தவருக்கும் தலைசுற்றல் எளிதில் வரும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

12. கணக்கு

ஆட்களின் சராசரியை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் பின் மதிப்பிலிருந்து முன் மதிப்பைக் கழித்து, அந்த வித்தியாசத்தை இரண்டு வீதிக்கும் ஒப்பிடுங்கள். இயல்பிலேயே கலகலப்பானவர், இயல்பிலேயே அமைதியானவர் என்ற பேதம் இதில் கழிந்துவிடும்.

அடுத்து, ஆட்டக் கேள்வியின் பதிலை அருகில் வைத்துப் பாருங்கள். ஒரு வீதியின் படம் கூடுதலாக ஆடியது என்று பெரும்பாலோர் சொல்லியிருந்தால் அந்த முடிவை வெளியிடாதீர்கள். எட்டாவது படிக்குத் திரும்பி வேறு இணையை எடுத்துக் காட்டுங்கள். கஷ்டம்தான். ஆனால் மாநகராட்சியிடம் "இங்கே மரம் வையுங்கள்" என்று கேட்கப் போகும் தாள் அது. ஆடாத தரையில் நிற்க வேண்டும்.

13. கடைசியாக, வீதிக்கே கூட்டிப்போங்கள்

படம் பார்த்தவர்களில் நடக்க முடிந்த ஐந்தாறு பேரை அதே இரண்டு இடத்தில் நடக்க வைத்து அதே தாளைக் கொடுங்கள். ஆய்வாளர் கிரெகரி பிராட்மன் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில் 38 பேரை நேரடியாக 90 நிமிடம் நடக்கவே வைத்தார்கள். இயற்கைச் சூழலில் நடந்தவர்களுக்கு, கவலையையே திரும்பத் திரும்ப அசைபோடுவது குறைந்தது. வீடியோவில் வெயில் இல்லை, வாசம் இல்லை, காலுக்குக் கீழே கல் இல்லை. எந்த வீதி மேல் என்ற விடை அறையிலும் வீதியிலும் ஒன்றாக இருந்தால் உங்கள் படத்தை நம்பலாம். மாறினால், நான்காவது படியில் குறித்துவைத்த தாளை எடுங்கள்: எத்தனை முறை ரோட்டில் இறங்கினீர்கள், எத்தனை டிகிரி வெயில். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

அந்த நடைக்குப் பெரியவர்களை அழைத்தால் தண்ணீரும், உட்கார ஒரு மடக்கு நாற்காலியும் கையோடு எடுத்துப்போங்கள்.